பதினேழாவது உத்தரவு

2004-ஆம் வருஷம் ஜூன் மாதம் 27-ஆம் தேதி, ஈராக்கின் ராஜ்யாதிகாரத்தை அந்நாட்டாரிடமே ஒப்படைத்துவிட்டு விமானம் ஏறுவதற்கு ஒரே ஒரு நாள் பாக்கியிருந்த சமயத்தில், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தலைவராக பாக்தாதில் வீற்றிருந்த பால் பிரெமர் கையெழுத்திட்டுச் சென்ற காகிதங்களில் ஒன்றுக்குப் ‘பதினேழாவது உத்தரவு’ என்று பெயர். அதன் முதல் வடிவம் ஒரு வருஷத்துக்கு முன்பே வெளிவந்திருந்தது. இது, அதைத் திருத்தி விரிவாக்கிய வடிவம். அதன் சாரம் எளியது. ஈராக்குக்கு வந்திருக்கும் அந்நிய காண்ட்ராக்டர்கள், தங்கள் ஒப்பந்தத்தின் ஷரத்துகளை ஒட்டிச் செய்கிற எந்தக் காரியத்துக்காகவும் ஈராக்கிய நியாயஸ்தலங்களில் நிற்க வேண்டியதில்லை. செய்த காரியம் ஒப்பந்தத்தை ஒட்டியதுதானா என்று ஐயம் எழுந்தால், அவர்களை அனுப்பிய அரசு கொடுக்கும் அத்தாட்சியே போதுமான சாட்சியம்; அந்தப் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளும் அதிகாரமும் அந்த அரசுக்கே. மறுநாள் சுதந்திரம் பெறப்போகிற ஒரு தேசத்தின் பெயரால் முதல் நாள் எழுதப்பட்ட இந்தச் சாசனத்தைப் படிக்கும்போது, வீட்டுச் சாவியைக் கொடுக்கிறவர் உள்ளே ஓர் அறையை மட்டும் பூட்டித் தம் மடியில் முடிந்துகொண்டு போனதாகவே தோன்றுகிறது. பிரெமரின் உயிருக்குக் காவலாக அந்நாட்களில் நின்றவர்களும் சிப்பாய்கள் அல்லர். பிளாக்வாட்டர் என்ற தனியார் கம்பெனியின் ஆட்கள். போட்டி டெண்டர் இல்லாமலே 2 கோடியே 77 லட்சம் டாலருக்கு அந்த வேலை அக்கம்பெனிக்குக் கிடைத்திருந்தது.

படையைக் காசுக்கு விடுவது நூதனமான காரியம் அன்று. நம் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வியாபாரக் கம்பெனி சொந்தப் படை வைத்து ஆண்ட தேசம் நம்முடையது. 1774-ஆம் வருஷத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸ், கம்பெனியின் படைப்பிரிவு ஒன்றை அயோத்தி நவாப் ஷுஜா உத் தௌலாவுக்கு 40 லட்ச ரூபாய் பேசி அனுப்பிவைத்தார். கம்பெனிக்கு எந்த விரோதமும் செய்தறியாத ரோகில்லாக்களின் நாடு அந்தப் படையால் நவாப்பின் கைக்கு வந்தது. அவர்களுடைய தலைவர் ஹாபிஸ் ரஹ்மத் கான் போர்க்களத்திலேயே மாண்டார். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பின் எட்மண்ட் பர்க், ஹேஸ்டிங்ஸின் மீது சாட்டிய குற்றங்களில் இதையே முதன்மையாக எடுத்துக்கொண்டு லண்டன் காமன்ஸ் சபையின் முன் வைத்தபோது, சபை அதை ஏற்கவில்லை. வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் 1788-இல் ஆரம்பமான பிரசித்தி பெற்ற விசாரணையும் ஏழு வருஷம் நடந்து விடுதலையில் முடிந்தது. ரோகில்கண்டில் நேர்ந்ததற்கு லண்டனில் நியாயம் கேட்கும் இந்தத் தூரத்தை, பாக்தாதையும் வாஷிங்டனையும் பற்றிப் பேசும்போதும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது உபயோகமாக இருக்கும்.

பிளாக்வாட்டரை 1997-இல் வட கரோலினாவில் நிறுவியவர் எரிக் பிரின்ஸ் என்ற முன்னாள் கடற்படைக் கமாண்டோ. ஈராக் யுத்தம் அக்கம்பெனியை எங்கோ கொண்டுபோய் உயர்த்தியது. ஆனால் யுத்தத்தில் கூலிக்கு அமர்ந்தவர்கள் எல்லாரையும் அதன் ஆட்களைப் போல எண்ணிவிடுவது தவறு. 2008-ஆம் வருஷத் தொடக்கத்தில் ஈராக்கிலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் அமெரிக்க அரசின் ஒப்பந்தங்களின் கீழ் வேலை பார்த்தவர்கள் 1,90,000 பேருக்குக் குறையாது என்று அமெரிக்கக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே கணக்குச் சொல்லிற்று; அதாவது ஏறக்குறைய ஒரு சிப்பாய்க்கு ஒரு காண்ட்ராக்டர். இவர்களில் பெரும்பாலோர் சமையற்காரர்கள், லாரி டிரைவர்கள், துணி வெளுப்பவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள். துப்பாக்கி பிடித்தவர்கள் சிறுபான்மையினரே. அந்தச் சிறுபான்மையினரிலும் ராஜதந்திரிகளுக்கு மெய்க்காவலராக இருந்தவர்களே தெருவில் வேகமாகப் போனவர்கள், அருகே வரும் எந்த வாகனத்தையும் வெடிகுண்டாகப் பாவித்தவர்கள், முதலில் சுட்டவர்கள். 2005 முதல் பிளாக்வாட்டர் ஆட்கள் சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடுகள் 195 என்றும், அவற்றில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவற்றில் முதலில் சுட்டவர்கள் அவர்களே என்றும், கம்பெனியின் சொந்தக் குறிப்புகளைக் கொண்டே காங்கிரஸ் கமிட்டி ஒன்று 2007 அக்டோபரில் கண்டுரைத்தது. ஒரு காவலருக்கு ஒரு நாளைக்கு 1,222 டாலர் வீதம் கம்பெனி அரசிடம் வாங்கிற்று என்ற விவரமும் அப்போதுதான் வெளிவந்தது.

அந்தக் கமிட்டியின் முன் பிரின்ஸ் சொன்ன ஒரு விஷயம், யோசிக்கத் தகுந்தது. தங்கள் காவலில் இருந்த ஒருவர்கூட ஈராக்கில் உயிரிழக்கவில்லை என்றார் அவர். அது உண்மை, எதிர்த் தரப்பாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பெருமையின் உள்ளேதான் நோயின் மூலம் இருக்கிறது. சிப்பாயை ஒரு நகரத்துக்கு அனுப்புகிற அரசு, அந்த நகரத்து ஜனங்கள் நாளைக்கு நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்ற கவலையையும், அரைமனதோடாவது, அவனோடு சேர்த்து அனுப்புகிறது. காவல் ஒப்பந்தமோ ஓர் உயிரைத்தான் குறிப்பிடுகிறது; அந்த உயிர் பத்திரமாக வீடு திரும்பினால் பில் செல்லுபடியாகும். வழியில் நின்ற மற்ற உயிர்கள் அந்தப் பத்திரத்தில் எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை.

எழுதப்படாத உயிருக்கு விலை எப்படி நிர்ணயமாகிறது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2006-ஆம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரவு, பாக்தாதின் பாதுகாக்கப்பட்ட பசுமை மண்டலத்துக்குள், மது அருந்தியிருந்த பிளாக்வாட்டர் ஊழியர் ஒருவர், ஈராக்கின் உப ஜனாதிபதியுடைய மெய்க்காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். முப்பத்தாறு மணி நேரத்துக்குள், அமெரிக்கத் தூதரகத்துக்குத் தெரிந்தே, அவர் விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். வேலை போயிற்று, வழக்கு வரவில்லை. பிறகு தூதரக அதிகாரிகளுக்கிடையே நஷ்ட ஈட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தது. ஒருவர் இரண்டரை லட்சம் டாலர் என்று யோசனை சொன்னார். அவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்தால், குடும்பத்துக்குப் பணம் சேரட்டும் என்று ஈராக்கியர்கள் வேண்டுமென்றே குண்டுக்கு முன் வந்து நிற்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று இன்னொருவர் ஆட்சேபித்தார். கடைசியில் 15,000 டாலரில் பேரம் முடிந்தது. இந்தச் சம்பாஷணை ஏதோ நாடகத்தில் வந்திருந்தால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று நாம் சொல்லியிருப்போம். அது அரசாங்கக் கடிதப் போக்குவரத்தில் கிடக்கிறது.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், கம்பெனியின் நடவடிக்கைகளைச் சோதிக்க பாக்தாதுக்கு வந்த, அமெரிக்காவின் வெளியுறவை நடத்தும் ராஜாங்க இலாகாவின் அதிகாரி ஒருவரை, கம்பெனியின் மேலாளர், ‘இங்கேயே உன்னைக் கொன்றுபோட்டாலும் யாரும் எதுவும் செய்ய முடியாது’ என்ற பொருள்பட மிரட்டியதாக அந்த அதிகாரி எழுதிவைத்தார். தூதரகம், கம்பெனியின் உறவு கெடுவதாகச் சொல்லி, சோதிக்க வந்தவரைத்தான் ஊருக்குத் திருப்பியனுப்பிற்று. சில வாரங்கள் கழித்து நிசூர் சதுக்கம் நடந்தது.

2007 செப்டம்பர் 16, நண்பகல். நகரின் வேறொரு பக்கத்தில் அமெரிக்க அதிகாரி ஒருவர் இருந்த இடத்துக்கு அருகே குண்டு வெடித்தது. அவர் திரும்பும் வழியைக் காப்பதற்கென்று நான்கு கவச வாகனங்களில் பத்தொன்பது பிளாக்வாட்டர் காவலர்கள் மேற்கு பாக்தாதில் உள்ள நிசூர் சதுக்கத்துக்கு வந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். நின்ற வாகனங்களில் ஒன்று வெள்ளை நிறக் கியா கார். ஓட்டியவர் மருத்துவம் படிக்கும் இளைஞர். பக்கத்தில் அவருடைய தாய், அவரும் மருத்துவர். முதல் குண்டு இளைஞரின் தலையில் பாய்ந்தது. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் காரிடம் ஓடி, அலறிக்கொண்டிருந்த தாயைப் பார்த்து, சுட வேண்டாம் என்று காவலர்களை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினார். ஓட்டுகிறவர் இறந்துபோனதால் கார் தானாகவே மெல்ல முன்னால் நகர்ந்தது. அந்த நகர்வைக் கண்டு மறுபடியும் சுட்டார்கள். தாய் மகனைத் தழுவியபடியே இறந்தார். எறிகுண்டுகள் விழுந்து கார் பற்றி எரிந்தது. பிறகு இயந்திரத் துப்பாக்கி சதுக்கம் முழுவதையும் நோக்கித் திரும்பிற்று. தப்பிக்கக் காரைத் திருப்பியவர்கள் முதுகுப் பக்கமாகச் சுடப்பட்டார்கள். தந்தையின் காரில் பின்னிருக்கையில் அமர்ந்திருந்த ஒன்பது வயதுப் பையன் ஒருவனும் பலியானான். ஈராக்கிய விசாரணையின்படி இறந்தோர் பதினேழு பேர். அவர்களில் பதினான்கு பேரின் மரணத்துக்கு எவ்வித நியாயமும் இல்லை என்று அமெரிக்க எஃப்.பி.ஐ. புலனாய்வு முடிவு சொன்னது.

அன்று மாலைக்குள் எழுதப்பட்ட முதல் அறிக்கை, எட்டுப் பத்துப் பேர் பல திசைகளிலிருந்து வாகன வரிசையைத் தாக்கியதாகக் கூறிற்று. அது ராஜாங்க இலாகாவின் முத்திரைத் தாளில் இருந்தது. எழுதியவர் பிளாக்வாட்டர் ஊழியர். சுட்டவனும் அவனே, பஞ்சநாமா எழுதுகிறவனும் அவனே என்றால், மேலதிகாரி கையெழுத்துப் போடுவதோடு வேலை முடிந்தது. மாறாக, சற்று நேரத்துக்கெல்லாம் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்கத் தரைப்படையினர் தரையில் கிடந்த தோட்டா உறைகளைப் பொறுக்கிப் பார்த்து, எதிரி சுட்டதற்கான தடயம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தன் ராணுவத்தின் கண் ஒன்றைக் கண்டது, தான் கூலிக்கு அமர்த்தியவனின் பேனா வேறொன்றை எழுதிற்று என்ற இந்தச் சங்கடத்தில் அமெரிக்க அரசு எந்தப் பக்கம் சாயும் என்பதே அடுத்த பதிமூன்று வருஷங்களின் கதை.

ஈராக்கிய அரசு கம்பெனியை வெளியேறச் சொல்லிற்று. ஐந்து நாளில் அதன் வாகனங்கள் மறுபடி தெருவில் ஓடின. ஈராக்கியக் கோர்ட்டுக்குப் பதினேழாவது உத்தரவு குறுக்கே நின்றது. அமெரிக்கக் கோர்ட்டிலோ விசித்திரமான ஒரு கேள்வி எழுந்தது. வெளிநாட்டில் ராணுவத்தோடு போகும் சிவிலியன்கள் செய்யும் குற்றங்களை விசாரிக்க 2000-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. ஈராக்கின் அபூ கிரைப் சிறையில் கைதிகளுக்கு நேர்ந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு 2004-இல் அதை விரிவாக்கி, பிற இலாகாக்களின் காண்ட்ராக்டர்களும், பாதுகாப்பு இலாகாவின் பணிக்கு அவர்களுடைய வேலை துணைசெய்யும் அளவுக்கு, அதில் அடங்குவர் என்றார்கள். பிளாக்வாட்டர் காவலர்களுக்குச் சம்பளம் தந்தது ராஜாங்க இலாகா. அவர்கள் காத்தது ராஜதந்திரிகளை. ஆகவே மகனைத் தழுவியபடி தாய் கொல்லப்பட்ட குற்றத்தை விசாரிக்கலாமா கூடாதா என்பது, சம்பளப் பட்டியல் எந்த இலாகாவின் அலமாரியில் இருந்தது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது! இவர்கள் அந்தக் காவலை ஏற்றதனால்தானே சிப்பாய்கள் வேறு வேலைக்குப் போக முடிந்தது என்ற தர்க்கத்தைக் கொண்டுதான் அரசுத் தரப்பு இந்த வாசலைக் கடந்தது.

கடந்த பிறகும் வழக்கு நேராக நடக்கவில்லை. சம்பவத்தையடுத்து ராஜாங்க இலாகா அதிகாரிகள் காவலர்களிடம் வாக்குமூலம் வாங்கியபோது, கொடுக்காவிட்டால் வேலை போகும் என்றும், கொடுத்தால் கிரிமினல் வழக்கில் அதை அவர்களுக்கு எதிராக உபயோகிப்பதில்லை என்றும் வாக்களித்திருந்தார்கள். அரசு வக்கீல்கள் அந்த வாக்குமூலங்களைத் தொட்டுவிட்டார்கள் என்று கண்டு, 2009 டிசம்பர் 31-இல் நீதிபதி ரிக்கார்டோ உர்பினா குற்றப்பத்திரிகையையே தள்ளிவிட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நிர்ப்பந்தத்தில் பெற்ற வாக்குமூலத்தைப் புறக்கணிப்பது எந்தக் கோர்ட்டுக்கும் அழகு. விசாரணையின் முதல் நாளிலேயே வழக்கை முடமாக்கிவிட்ட இலாகாவைத்தான் கேட்க வேண்டும். 2011-இல் மேல் கோர்ட்டு வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 2014-இல், ஈராக்கிலிருந்து சுமார் முப்பது சாட்சிகள் வாஷிங்டனுக்கு வந்து ஜூரிகளின் முன் தங்கள் மொழியில் நடந்ததைச் சொன்னார்கள். நான்கு காவலர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. ஒருவருக்கு ஆயுள் தண்டனை, மூவருக்கு முப்பது வருஷம். 2017-இல் மேல் கோர்ட்டு ஆயுள் தண்டனைக்காரரின் வழக்கைத் திரும்ப நடத்தச் சொல்லிற்று; மற்ற மூவருடைய முப்பது வருஷமும் அளவு மீறியது என்றது. காரணம்: அந்த முப்பது வருஷம், இயந்திரத் துப்பாக்கியோடு குற்றம் செய்பவனுக்கென்று ஏற்பட்டது, இவர்களுடைய கையில் அந்தத் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பியது அரசாங்கமே. மறு விசாரணையில் முதலாமவர் மீண்டும் கொலைக் குற்றவாளியாகி 2019-இல் மீண்டும் ஆயுள் தண்டனை பெற்றார். மற்றவர்களுடைய தண்டனை பன்னிரண்டு வருஷம் ஏழு மாதம் முதல் பதினைந்து வருஷம் வரையாகக் குறைந்தது.

சர்வதேசச் சட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று வாசகர் கேட்கலாம். 1977-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கை இணைப்பு, கூலிப்படையாள் யார் என்பதற்கு ஆறு லட்சணங்கள் சொல்லி, ஆறும் ஒருங்கே பொருந்தினால்தான் ஒருவன் அந்த வகையைச் சேர்வான் என்றது. யுத்தம் செய்யும் நாட்டின் பிரஜையாக அவன் இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று; ஆகவே ஈராக்கில் இருந்த அமெரிக்கக் காவலன் அந்த வலையில் படவே மாட்டான். நிசூர் சதுக்கச் சம்பவத்துக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து, 2008 செப்டம்பர் 17-இல், ஸ்விஸ் அரசும் செஞ்சிலுவைச் சங்கமும் முயன்று பதினேழு நாடுகளின் சம்மதத்தோடு மொந்த்ரோ ஆவணத்தை வெளியிட்டன. கூலிக்கு அமர்த்திய நாடு, சம்பவம் நடந்த நாடு, கம்பெனி பதிவான நாடு ஆகிய மூன்றுக்கும் உள்ள கடமைகளை அது தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. அது யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் அதே தெளிவோடு தன்னுள்ளேயே சொல்லிக்கொள்கிறது. ருஷ்யாவின் வாக்னர் படை வேறு ஜாதி: கூலிப்படை குற்றம் என்று சொல்லும் சட்டம் உள்ள தேசத்தில், அப்படி ஒன்று இருப்பதாகவே வருஷக்கணக்கில் ஒப்புக்கொள்ளாமல் நடத்தினார்கள். மாலி நாட்டு மூரா கிராமத்தில் 2022 மார்ச்சில் ஐந்நூறு பேருக்குக் குறையாமல் கொல்லப்பட்டதாக ஐ.நா. அறிக்கை கூறுகிறது, மாலிப் படையோடு சேர்ந்து வந்தவர்களை அது ‘அந்நிய ராணுவத்தினர்’ என்று மட்டுமே அழைக்கிறது.

நம் பக்கத்திலும் இதன் சாயல் விழுந்திருக்கிறது. பிரிட்டிஷ் கமாண்டோ படையிலிருந்து விலகியவர்கள் நடத்திய கே.எம்.எஸ். என்ற கம்பெனி, 1984 முதல் இலங்கைப் போலீஸின் விசேஷ அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்தது. அதன் விமானிகள் ஹெலிகாப்டர்களையும் ஓட்டினார்கள். அந்த அதிரடிப் படையின் பெயர் கிழக்கு மாகாணத் தமிழருக்கு என்ன அர்த்தம் கொடுத்தது என்பதை மட்டக்களப்புப் பக்கத்தார் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது தனியார் வியாபாரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்பது லண்டன் சர்க்காரின் அன்றைய நிலை. கம்பெனியாரின் மீதான யுத்தக் குற்றப் புகாரை லண்டன் போலீஸ் விசாரிக்கத் தொடங்கியது 2020-இல்.

நியாயம் சொல்வதானால் கூலிக்குப் போனவனின் தரப்பையும் சொல்ல வேண்டும். 2004 மார்ச் 31-இல் ஃபலூஜாவில் நான்கு பிளாக்வாட்டர் ஆட்கள் கொல்லப்பட்டு, அவர்களில் இருவரின் உடல்கள் யூப்ரடீஸ் பாலத்தில் தொங்கவிடப்பட்டன. போதிய ஆளும் கவச வண்டியும் இல்லாமல் அனுப்பினார்கள் என்று குடும்பத்தார் வழக்குத் தொடர்ந்தபோது, அதே கம்பெனி சட்டத்தின் சந்துபொந்துகளில் புகுந்து தப்பப் பார்த்தது. அதே 2004-ஆம் வருஷ ஆகஸ்டில் பன்னிரண்டு நேபாள இளைஞர்கள், ஜோர்தானில் வேலை என்று புறப்பட்டவர்கள், ஈராக்கில் உள்ள அமெரிக்க விமானத் தளத்துக்குக் கொண்டுபோகப்படும் வழியில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய குடும்பத்தாரும் அமெரிக்கக் கோர்ட்டுகளில் வருஷக்கணக்காக அலைந்து, பெரிய காண்ட்ராக்டரை அசைக்க முடியாமல் தோற்றார்கள்.

சிவில் கோர்ட்டு வழியில் ஒரே ஓர் ஆறுதல் எனக்குத் தெரிகிறது. அபூ கிரைப் சிறையில் துன்புற்ற மூன்று ஈராக்கியர்கள், ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு பழ வியாபாரி, ஒரு பத்திரிகையாளர், அங்கே விசாரணையாளர்களை அனுப்பிய சி.ஏ.சி.ஐ. என்ற கம்பெனியின் மேல் 2008-இல் வழக்குப் போட்டு, இருபது தடவைக்கு மேல் அதைத் தள்ளிவிடக் கம்பெனி முயன்றும் விடாமல் பிடித்திருந்து, 2024 நவம்பரில் வர்ஜீனியா ஜூரிகளிடமிருந்து 4 கோடியே 20 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார்கள். கம்பெனி அப்பீல் செய்தது. பதினாறு வருஷம் பொறுத்திருக்கத் திராணி எத்தனை பேருக்கு உண்டு?

நிசூர் சதுக்க வழக்கின் முடிவு சுருக்கமானது. 2020 டிசம்பர் 22-ஆம் தேதி ஜனாதிபதி டிரம்ப் நால்வருக்கும் முழு மன்னிப்பு வழங்கினார். இரண்டு தடவை ஜூரிகள் கூடிச் சொன்ன தீர்ப்பும், கடல் தாண்டி வந்த சாட்சிகளின் சொல்லும் ஒரு கையெழுத்தில் கரைந்தன. சர்வதேசச் சட்டத்துக்கு இது விரோதம் என்று ஐ.நா. நிபுணர் குழு கண்டித்தது, கண்டனத்தோடு நின்றது. அந்த மன்னிப்பைத் தனி மனிதர் ஒருவரின் கோணல் புத்தியாகச் சொல்லி ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரசுகள் இந்தக் கம்பெனிகளிடம் விலைகொடுத்து வாங்குகிற சரக்கில் துப்பாக்கி பாதி, பதில் சொல்லத் தேவையில்லாத சௌகரியம் மறுபாதி. மன்னிப்பு, பதினேழாவது உத்தரவில் தொடங்கிய அதே கொள்முதலின் கடைசித் தவணை. எந்த இலாகா சம்பளம் கொடுத்தாலும், அமெரிக்க அரசின் காசை வாங்கி வெளிநாட்டில் குற்றம் செய்தவரை அமெரிக்கக் கோர்ட்டில் நிறுத்தலாம் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லும் மசோதா ஒன்று 2010 முதல் அந்நாட்டுக் காங்கிரஸுக்குப் பல தடவை வந்திருக்கிறது. ஒரு தடவையும் அது சட்டமாகவில்லை.